சுரங்கப்பாதையில் கரும்பலகை வைத்த அனுபவம்

ரயில் நிலையத்துக்குப் போகும் ஒரு நடை சுரங்கப்பாதையில் 4 கரும்பலகைகள் வைத்து, அந்த வழியாகப் போகிறவர்களை எழுதச் சொன்னோம். பலகைகள் அங்கே இருந்தது 6 வாரம். அதற்கு முன்னால் 7 மாத வேலை. பொது இடத்தில் இப்படி ஏதாவது செய்ய நினைப்பவர்களுக்கு அந்த 7 மாதத்தைப் பற்றித்தான் சொல்ல ஆசைப்படுகிறேன்.

நான் முதலில் வைத்திருந்தது சுவரோவியத் திட்டம். மாதிரிப் படம்கூடத் தயார். சரி, ஒரு வாரம் அங்கே போய் நின்று பார்ப்போம் என்று காலையில் போனேன். மூன்றாவது நாள், அங்கே பெருக்கிக்கொண்டிருந்த அம்மா என்ன செய்கிறேன் என்று விசாரித்தார். படத்தைக் காட்டினேன். நன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீங்க வரைஞ்சிட்டுப் போயிடுவீங்க தம்பி. அப்புறம் யார் துடைக்கிறது?"

அந்தச் சுவர் எப்போதும் ஈரம் கசியும் சுவர். பெயின்ட் உரிந்து தரையில் விழும். விழுந்ததைப் பொறுக்கப்போவது அவர்தான். என் திட்டத்தில் அவர் எங்கேயும் இல்லை.

எனக்கு அமெரிக்கக் கலைஞர் மியர்லே லாடர்மன் யூகலிஸ் நினைவுக்கு வந்தார். முதல் குழந்தை பிறந்த பிறகு, நாள் முழுக்கப் பராமரிப்பு வேலையிலேயே போகிறதே என்று யோசித்து, அந்த வேலையையே கலையாக அறிவித்து 1969இல் ஓர் அறிக்கை எழுதியவர். புரட்சி முடிந்த பிறகு திங்கட்கிழமை காலையில் குப்பையை யார் அள்ளுவது என்று அதில் கேட்டிருப்பார். 1979-80இல் நியூயார்க்கின் துப்புரவுப் பணியாளர்கள் சுமார் 8,500 பேரை அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போய்ச் சந்தித்து, ஒவ்வொருவர் கையையும் குலுக்கி நன்றி சொன்னார். இதையெல்லாம் படித்திருந்தேன். ஆனாலும் துடைப்பவரை மறந்துவிட்டுத்தான் படம் வரைந்திருந்தேன்.

சுவரோவியத்தை விட்டேன். அழித்து எழுதக்கூடிய ஒன்று வேண்டும் என்று தோன்றியது. கேண்டி சாங் என்ற கலைஞர் 2011இல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு கைவிடப்பட்ட வீட்டின் சுவரைக் கரும்பலகையாக்கி, சாவதற்கு முன் என்ன செய்ய ஆசை என்று தெருவில் போகிறவர்களை எழுதவைத்தார். அங்கிருந்துதான் பலகை யோசனை வந்தது, மறைக்க எதுவுமில்லை.

அனுமதி வாங்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விண்ணப்பம் மூன்று முறை திரும்பி வந்தது. முதல் முறை, எப்போது அகற்றுவீர்கள் என்ற தேதி இல்லை. இரண்டாவது முறை, சுவரில் துளை போடக் கூடாது என்றார்கள். தானாக நிற்கும் மரச்சட்டத்துக்கு மாறினோம். மூன்றாவது முறை, சக்கர நாற்காலி போக வழி போதாது என்றார்கள். கோபம் வந்தது. ஆனால் மூன்று கேள்வியும் நியாயமானவை. சிற்பி ரிச்சர்ட் செர்ராவின் 'டில்டட் ஆர்க்' என்ற 36 மீட்டர் நீள எஃகுச் சுவர், 1981இல் நியூயார்க்கில் ஓர் அரசு வளாக முற்றத்தின் குறுக்கே நிறுத்தப்பட்டது. தினமும் அதைச் சுற்றி நடக்க வேண்டியிருந்தவர்களில் பலர் எதிர்த்தார்கள். நீண்ட வழக்குக்குப் பிறகு 1989இல் அகற்றினார்கள். அந்த இடத்துக்காகவே செய்த படைப்பு, இடம் மாற்றினால் அழிந்ததாகத்தான் அர்த்தம் என்றார் செர்ரா. அவர் பக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் வேலைக்கு ஓடுகிறவர்கள் என் பலகையைச் சுற்றிப் போக வேண்டும் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

பலகை வைத்த முதல் வாரம், "இந்த இடத்தில் என்ன மாற வேண்டும்?" என்று கேட்டிருந்தோம். விளக்கு எரியவில்லை, தண்ணீர் தேங்குகிறது என்று எழுதினார்கள். படமெடுத்து, அனுமதி தந்த அலுவலகத்தில் கொடுத்தேன்; இரண்டு விளக்குகளை மாற்றினார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் யாரும் நின்று படிக்கவில்லை. அந்த அம்மாதான் சொன்னார், "இந்தப் பக்கம் போறவங்க எல்லாம் யாரையோ பார்க்கத்தான் போறாங்க. அதைக் கேளுங்க." மறுநாள் கேள்வியை மாற்றினோம்: யாரைப் பார்க்கப் போகிறீர்கள்?

"அம்மாவை. ஆஸ்பத்திரியில் இருக்கிறார்." "கடன் கொடுத்தவரை." "பேத்தியை, முதல் தடவையாக." ஒருவர் "யாரையும் இல்லை" என்று எழுதியிருந்தார். சாயங்காலம் அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து: "நானும்தான்."

எழுத்தை மட்டுமே படமெடுத்தோம், முகங்களை எடுக்கவில்லை. தினமும் இரவு துடைத்தால்தான் மறுநாளுக்கு இடம் கிடைக்கும். சாக்பீஸ் தூள் ஒரு பிரச்சினையானது. தரையில் உதிர்ந்து வழுக்கியது, பெருக்கும்போது அந்த அம்மாவுக்கு இருமல் வந்தது. பலகைக்குக் கீழே ஒரு தட்டு பொருத்தி, ஈரத்துணிக்கு மாறினோம். எங்கள் செலவுக் கணக்கில் மரத்துக்கும் பெயின்டுக்கும் பணம் இருந்தது. அவருடைய கூடுதல் வேலைக்கு இல்லை. எனக்கென்று வைத்திருந்த தொகையிலிருந்து பிரித்து, ஆரம்ப நாளிலிருந்து கணக்கிட்டுக் கொடுத்தோம். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

எதை உடனே அழிப்பது என்பதையும் அவரோடு உட்கார்ந்துதான் முடிவு செய்தோம். தொலைபேசி எண், ஒரு நபரையோ ஒரு சமூகத்தையோ இழிவுபடுத்தும் எழுத்து இருந்தால் பார்த்தவுடன் துடைப்பது. அலுவலகத்தைத் திட்டினாலும் எங்களைத் திட்டினாலும் இரவு வரை விடுவது. அலுவலகத்தில் இதற்கு ஒத்துக்கொள்ள வைக்க இரண்டு கூட்டம் ஆனது.

"யாரையும் இல்லை" என்ற வரியை அவர் துடைக்கவில்லை. சுற்றிலும் துடைத்துவிட்டு அதை மட்டும் விட்டிருந்தார். நான் ஏன் என்று கேட்கவில்லை. கடைசி வாரத்தில் அதன் கீழே 14 பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர் மட்டும் நேரத்தையும் எழுதியிருந்தார்: "காலை ஏழரைக்கு இங்கேதான் நடப்பேன்."

குறித்த தேதியில் பலகைகளை எடுத்தோம். இப்போது வேறொரு இடத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். என்ன செய்யப்போகிறோம் என்ற பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது. துடைப்பவருக்கான ஊதியம் மட்டும் செலவுக் கணக்கின் முதல் வரியில் ஏறிவிட்டது.