கழுத்து கறுத்தால் வெயில் மட்டும்தான் காரணமா?

நம்மூரில் ஒரு பெண்ணுக்குக் கழுத்தோ கன்னத்து ஓரமோ கறுக்க ஆரம்பித்தால் போதும், பார்க்கிறவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லிவிடுவார்கள். வெயில்ல அலையாதே, சுகர் டெஸ்ட் எடுத்துப் பாரு, தைராய்டா இருக்கும், கவரிங் செயினைக் கழட்டு. என் அக்காவுக்கும் இதெல்லாம் சொன்னார்கள். சுகரும் பார்த்தாயிற்று, தைராய்டும் பார்த்தாயிற்று, இரண்டும் சரியாகவே இருந்தன. கடைசியில் தெரிய வந்த காரணம் யாருமே சொல்லாத ஒன்று: அவள் தினமும் பூசிய பவுடரிலும் க்ரீமிலும் இருந்த வாசனைப் பொருள்.

அலர்ஜி என்றால் சிவந்து தடித்து அரிக்கும் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். இணையத்தில் தேடினாலும் வெள்ளைத் தோலில் செக்கச் செவேலென்று இருக்கும் படங்கள்தான் வருகின்றன. நம் மாநிறத்தில் அந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது, சிலருக்கு அரிப்புகூடப் பெரிதாக இருக்காது. ஆனால் உள்ளே லேசான அழற்சி ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும், மேலடுக்கில் இருக்க வேண்டிய, தோலுக்கு நிறம் தரும் மெலனின் கீழே இறங்கித் தங்கிவிடும், வெளியே சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரு நிறம் படரும். இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. ஜப்பானில் 1960களிலும் 70களிலும் நிறையப் பெண்களுக்கு முகம் இப்படிக் கறுத்தது. அங்குள்ள தோல் மருத்துவர்கள் துருவித் துருவிப் பார்த்ததில் சோப்பிலும் மேக்கப்பிலும் இருந்த பென்சைல் சாலிசிலேட், மல்லிகைச் சாறு, இலாங் இலாங் எண்ணெய் மாதிரியான வாசனைப் பொருள்களும் சில சிவப்புச் சாயங்களும் பிடிபட்டன. 1977 வாக்கில் பெரிய கம்பெனிகள் அவற்றைத் தவிர்க்கத் தொடங்கிய பிறகு புதிதாக வருவது வெகுவாகக் குறைந்தது.

இங்கே என்ன நடக்கிறது? கறுத்துவிட்டது என்று சிவப்பழகு க்ரீம் வாங்குகிறோம். அதில் இன்னும் கொஞ்சம் வாசனை. அதுவும் வேலைக்கு ஆகாவிட்டால் மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த ட்யூப் ஒன்று, அதைப் போட்டால் பத்து நாளில் பளிச்சென்று ஆகும், நிறுத்தினால் முகம் எரியும், அதனால் நிறுத்தவே முடியாமல் வருஷக்கணக்கில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இதை எழுத உட்கார்ந்ததே இந்த வரிசையை நினைத்து மனசு பொறுக்காமல்தான்.

யாருக்கும் சந்தேகம் வராததற்குக் காரணம் உண்டு. இது பூசிய உடனே வருகிற அலர்ஜி இல்லை. நம் உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்களான டி செல்கள் அந்தப் பொருளை ஒருமுறை எதிரியாக அடையாளம் கண்டுகொண்டால், பிறகு ஒவ்வொரு தடவை படும்போதும் ஒன்றிலிருந்து மூன்று நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். அந்த அடையாளம் எப்போது விழும் என்பதும் சொல்ல முடியாது, பல வருஷம் பிரச்சினையில்லாமல் பூசிய பொருளுக்கும் ஒருநாள் விழலாம். அதனால் 'பத்து வருஷமா இதே சோப்புதான் போடறேன்' என்பது ஒரு சமாதானமே இல்லை. அவில், செட்ரிசின் மாத்திரைகள் இதில் பெரிதாக எடுபடாது, ஏனென்றால் அவை தடுப்பது உடனே வருகிற அலர்ஜியில் உடம்பு சுரக்கும் ஹிஸ்டமினை, இது ஹிஸ்டமின் விவகாரம் இல்லை. லேப்களில் 'அலர்ஜி பேக்கேஜ்' என்று ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு எடுக்கும் ஐஜிஇ ரத்தப் பரிசோதனையும் உடனே வருகிற வகை அலர்ஜிக்கானதுதான், இதைக் காட்டாது. அந்தப் பணமும் அக்காவுக்குப் போயிற்று.

காட்டுவது பேட்ச் டெஸ்ட். வியர்த்தால் பிளாஸ்திரி பெயர்ந்துவிடும் என்பதால் டாக்டர் அவளை மார்கழியில் வரச் சொன்னார். மேல்முதுகில் பேப்பர் டேப்பில் வரிசையாகச் சின்னச் சின்ன அலுமினியக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் வாஸலினில் குழைத்த ஒரு பொருள், பக்கத்தில் மார்க்கரால் கோடு. 48 மணி நேரம் முதுகில் தண்ணீர் படக்கூடாது. பிறகு பிரித்துப் பார்த்துவிட்டு, நான்காம் நாள் மறுபடி பார்த்தார்கள். இரண்டாவது முறை பார்ப்பது ரொம்ப முக்கியம், சிலருக்கு அப்போதுதான் தெரியும். நான் கூடவே நின்றிருந்தேன். என் கண்ணுக்கு எல்லாக் கட்டமும் ஒரே மாதிரிதான் இருந்தன. டாக்டர் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்து, விரல் நுனியால் ஒவ்வொரு கட்டமாகத் தடவிக்கொண்டே வந்தார், ஒரு இடத்தில் நிறுத்தி என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தோல் கெட்டியாக, பொடிப்பொடியாகப் புடைத்திருந்தது. நம் நிறத்துக்குக் கண்ணைவிட விரலைத்தான் நம்ப வேண்டும் என்றார் அவர்.

அந்தக் கட்டத்துக்கு ஃப்ரேக்ரன்ஸ் மிக்ஸ் என்று பெயர். பட்டையின் சின்னமால், கிராம்பின் யூஜினால், ரோஜா வாசனையின் ஜெரானியால், ஓக் மரத்துப் பாசிச் சாறு என்று 8 பொருள்களின் கலவை. பெயர்களைப் பாருங்கள், பாதிக்கு மேல் செடி கொடியில் இருப்பவைதான். 'இயற்கையானது, ஒண்ணும் பண்ணாது' என்று விற்கும் எசென்ஷியல் ஆயில் சோப்பைப் பற்றி எனக்கு இப்போது நல்ல அபிப்பிராயம் இல்லை. லாவெண்டரில் இருக்கும் லினலூல், எலுமிச்சை ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமோனீன் இரண்டும் புதிதாக இருக்கும்போது சாதுதான், காற்றுப் பட்டுப் பட்டு ஆக்சிஜனோடு சேர்ந்தால் அலர்ஜி உண்டாக்கும் பொருளாக மாறிவிடும். மூடி சரியாக மூடாமல் பாத்ரூம் அலமாரியில் வருஷக்கணக்கில் கிடக்கும் பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள்.

லேபிளைப் படித்துத் தவிர்க்கலாமே என்றால், நம்மூர் அட்டையைத் திருப்பினால் பெரும்பாலும் 'பெர்ஃப்யூம்' என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அதற்குள் பத்து இருக்கலாம், ஐம்பதும் இருக்கலாம். ஐரோப்பிய யூனியனில் 2005லிருந்தே 26 வாசனைப் பொருள்களைப் பெயர் சொல்லி எழுத வேண்டும், பூசிக் கழுவாமல் விட்டுவிடும் க்ரீம் என்றால் 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே. 2023இல் அந்தப் பட்டியலை 80க்கும் மேலாக நீட்டியிருக்கிறார்கள். லைரல் என்ற பொருளால் நிறையப் பேருக்கு அலர்ஜி வந்ததால் அதைத் தடையே செய்துவிட்டார்கள். அந்த அளவுக்கு இங்கேயும் எழுதச் சொல்லிக் கேட்பதில் என்ன தப்பு?

அதுவரைக்கும் சில விஷயங்கள். 'அன்சென்டட்' என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள், வேறு நெடியை மறைக்க வாசனை சேர்த்திருக்கலாம், 'ஃப்ரேக்ரன்ஸ் ஃப்ரீ' என்று பார்த்து வாங்கிவிட்டு பின்னால் உள்ள பட்டியலையும் ஒருமுறை படியுங்கள். புது க்ரீம் என்றால் முகத்தில் போடுவதற்கு முன் முழங்கை மடிப்புப் பக்கம் தினம் இரண்டு வேளை, ஒன்று இரண்டு வாரம் பூசிப் பாருங்கள். சோப்பு ஷாம்பூவை இப்படித் தேய்த்து விட்டுவைக்கக் கூடாது, அதுவே புண்ணாக்கிவிடும்.

கழுத்துக் கறுப்பு எல்லாமே அலர்ஜி என்று நான் சொல்லவில்லை. வெல்வெட் மாதிரி தடித்துக் கறுத்தால் சுகர் பக்கம் பார்ப்பதுதான் சரி. இரண்டையும் பிரித்துச் சொல்லத் தோல் டாக்டரால்தான் முடியும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் பேட்ச் டெஸ்ட் உண்டு. போகும்போது வீட்டில் தோலில் படுகிற அத்தனையையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போங்கள்: சோப்பு, பவுடர், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், குங்குமம், டியோ, பேஸ்ட், துணி அலசும்போது ஊற்றும் கண்டிஷனர் எல்லாம். பல பேர் க்ரீமை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள், துணி கண்டிஷனரை யாரும் நினைப்பதே இல்லை.