வண்ணாரப்பேட்டை வீட்டில் சைவ டமாலே

மக்காச்சோள மாவுக்குள் பூரணம் வைத்து, உறையில் மடித்து ஆவியில் வேகவைக்கும் மெக்சிகோ பண்டம்தான் டமாலே. அதில் வழக்கமாகச் சேரும் பன்றிக் கொழுப்புக்குப் பதில் வெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ போதும். உண்மையான வேலை மாவில்தான் இருக்கிறது. சௌகார்பேட்டைக் கடைகளில் ரொட்டிக்கென்று கிடைக்கும் மக்காச்சோள மாவு, பிசைந்தால் உதிர்ந்துவிடும். ஆகவே, 1 கிலோ காய்ந்த மக்காச்சோளத்துக்குச் சுமார் 10 கிராம் உண்ணத்தக்க சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, தோல் வழுக்கிக் கழலும் வரை வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் நன்றாக அலசி, கிரைண்டரில் கெட்டியாக அரைக்க வேண்டும்; சோளத்தில் கட்டுண்டிருக்கும் நியாசின் சத்து உடலில் சேர்வதும் இந்தச் சுண்ணாம்பினால்தான். வெண்ணெயும் உப்பும் சேர்த்து அடித்த மாவில் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் அடிக்க வேண்டும். கை வலிக்கும்தான்.

உள்ளே வைக்க, சுட்டு உரித்த பஜ்ஜி மிளகாயும் பனீரும் எனக்குப் பிடித்தவை. மொட்டை மாடியில் காயவைத்த சோளக் கதிரின் மேலுறையை வெந்நீரில் ஊறவைத்து மடிக்கலாம். தணலில் வாட்டிய வாழை இலையும் தகும், மெக்சிகோவின் ஓக்சாகா மாநிலத்தில் அதுவும் வழக்கம். இட்லிப் பானையில் நிறுத்தி, அடியில் தண்ணீர் வற்றாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவியில் வேகவைத்தபின், உறை ஒட்டாமல் உரிந்தால் வெந்துவிட்டது. கால் மணி நேரம் ஆறவிட்டே பிரிக்க வேண்டும். சூட்டோடு பிரித்தால் குழைந்துவிடும்.