தந்தையரிடம் கேட்கப்பட்ட கேள்விகள்: மூன்று படங்களின் நாட்குறிப்பு

2024 மார்ச் 3, ஞாயிறு

வில்லியம் வைலர் 1946இல் இயக்கிய 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' படத்தை இன்று மீண்டும் பார்த்தேன். பசிபிக் போர்முனையிலிருந்து வீடு திரும்பும் தந்தை, ஜப்பானிய வாள் ஒன்றையும் கொடி ஒன்றையும் மகனுக்குக் கொடுக்கிறார். மகனோ, ஹிரோஷிமாவில் உயிர்தப்பியவர்களிடம் கதிரியக்கத்தின் விளைவுகளைக் கவனித்தீர்களா என்று கேட்கிறான். கவனிக்கவில்லை என்பதைத் தவிர அவரிடம் வேறு பதில் இல்லை. இதன் பிறகு படம் அந்தப் பையனை ஏறக்குறைய மறந்துவிடுகிறது. அடுத்த இருபது ஆண்டுகளில் அமெரிக்கத் திரையில் தந்தையரைக் கேள்வி கேட்ட பிள்ளைகளுக்கெல்லாம் அவனே மூத்தவன் என்று எனக்குத் தோன்றுகிறது.

மார்ச் 6, புதன்

நிக்கோலஸ் ரேயின் 'ரெபெல் வித்தவுட் எ காஸ்' 1955 அக்டோபரில் வெளிவந்தபோது அதன் நாயகன் ஜேம்ஸ் டீன் உயிரோடு இல்லை. செப்டம்பர் 30 அன்று கார் விபத்தில் 24 வயதிலேயே இறந்துவிட்டார். கல்லூரி நாள்களில் இப்படத்தைப் பார்த்தபோது முழுக்க மகனின் பக்கமே நின்றேன். இம்முறை தந்தையை விட்டுக் கண் அகலவில்லை.

மனைவிக்கு எடுத்துச் சென்ற உணவுத் தட்டைத் தவறவிட்டு, ஏப்ரன் கட்டிய கோலத்தில் மண்டியிட்டுத் தரையைத் துப்புரவு செய்யும் அவரைக் கண்டு மகன் கூசிப் போகிறான். அந்த ஏப்ரனைத் தோல்வியின் அடையாளமாக்கியது இப்படத்தின் பெருங்குறை என்றே கருதுகிறேன். வீட்டு வேலை செய்வதால் எந்த ஆணும் தாழ்ந்துவிடுவதில்லை. அவர் தவறியது வேறிடத்தில். மானப் பிரச்சினை ஒன்றில் என்ன செய்வது என்று மகன் கேட்கும்போது, காகிதம் எடுத்துச் சாதக பாதகங்களைப் பட்டியலிடலாம் என்கிறார். கார்ப் பந்தயத்தில் ஒருவன் இறந்தபின், காவல் நிலையத்துக்குப் போய் உண்மையைச் சொல்லத் துடிக்கும் அதே மகனை மனைவியோடு சேர்ந்து தடுக்கிறார். பொருளாதாரப் பெருமந்தத்தையும் போரையும் கடந்து வந்தவர்களுக்குப் புறநகரில் ஒரு சொந்த வீடும் வம்பில்லாத வாழ்வும் எத்தகைய பேறு என்பது எனக்குப் புரிகிறது. ஆயினும் அந்த அமைதிக்கு விலையாகக் கேட்கப்பட்டது மகனின் மனச்சாட்சி.

அதே படத்தில் நாயகனின் நண்பனாக வரும் பிளேட்டோ என்னும் சிறுவனின் தந்தை அதையும் கேட்பதில்லை. காசோலை மட்டும் அனுப்புகிறார். அவன் சுடப்பட்டு இறந்ததும் தாயைப் போல அழுபவர் அவனை வளர்த்த கறுப்பினப் பணிப்பெண்தான்.

மார்ச் 10, ஞாயிறு

அந்தப் பெண்ணின் நினைவே ஸ்டான்லி கிரேமரின் 'கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்' படத்தை இன்று என்னைப் பார்க்கவைத்தது. வெள்ளையினப் பெண்ணை மணக்க விரும்பும் கறுப்பின மருத்துவராக சிட்னி பாய்ட்டியர் நடித்தார். இத்தகைய திருமணத்தை 16 மாநிலங்களில் தடைசெய்திருந்த சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967 ஜூன் 12 அன்று செல்லாதவையாக்கியது; படம் டிசம்பரில் வந்தது.

மகனைப் படிக்கவைக்கத் தபால் பையைச் சுமந்து தான் நடந்த தொலைவை மருத்துவரின் தந்தை எடுத்துச் சொல்கிறார். அது உங்கள் கடமை, அதற்காக நான் கடன்பட்டவனல்லேன் என்று மகன் சீறுகிறான். பிறகு குரல் தணிந்து, நீங்கள் உங்களைக் கறுப்பு மனிதராக நினைக்கிறீர்கள், நான் என்னை மனிதனாக நினைக்கிறேன் என்கிறான். மகன் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் படத்தின் இறுதிப் பேருரையும் தீர்ப்பும் மணமகளின் வெள்ளையினத் தந்தைக்கே அளிக்கப்படுகின்றன. அவராக நடித்த ஸ்பென்சர் டிரேசி, நீதிமன்றத் தீர்ப்புக்கு இரண்டு நாள் முன்பு காலமானார். பை சுமந்த தபால்காரர் அதே அறையில் இருந்து அந்த உரையைக் கேட்கிறார். அவருடைய பதிலை யாராவது கேட்டிருக்க வேண்டும்.