குறைவாக ஓடிய ஒரு கேமன்

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்றுதான். புதுச்சேரி லாசுப்பேட்டையில் எங்கள் குடும்பத்துக்கு நெருக்கமான பெரியவர் ஒருவர் தம்முடைய 2014-ஆம் ஆண்டு போர்ஷே கேமனை விற்க நினைப்பதாகவும், அது 11,400 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்றும் சொன்னபோது, என் மனம் உடனே அந்த எண்ணிடம் போய் ஒட்டிக்கொண்டது. ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பல ஆண்டுகளாக ஆசையோடு பின்தொடரும் எனக்கு, அந்தத் தலைமுறைக் கேமன் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும், குறைந்த கிலோமீட்டர் என்பதை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதையும் எழுதி வைக்கத் தோன்றுகிறது.

981 என்ற உள்குறியீட்டால் அறியப்படும் இந்தத் தலைமுறை, 2012 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் கார் கண்காட்சியில் அறிமுகமானது. அடிப்படை மாடலில் 2.7 லிட்டர் கொள்ளளவும் 275 குதிரைத்திறனும் கொண்ட ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் இருந்தது. சிலிண்டர்கள் பக்கத்துக்கு மூன்றாகப் படுத்த நிலையில் அமைந்த அந்த இன்ஜினில், காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ கிடையாது; முழுச் சக்தியும் நிமிடத்துக்கு 7,400 சுற்றுகளில்தான் வெளிப்படும். 2016-இல் 718 என்ற பெயரோடு வந்த அடுத்த தலைமுறையின் அடிப்படை மாடலில் நான்கு சிலிண்டர் டர்போ இன்ஜின் வைக்கப்பட்டது. அது 300 குதிரைத்திறன் தந்தது, வேகத்திலும் முந்தியது, எரிபொருளும் குறைவாகக் குடித்தது. இருந்தும் அதன் சத்தத்தை மனதார விரும்பியவர்கள் குறைவு. டர்போ இல்லாத ஆறு சிலிண்டர் பின்னர் திரும்பி வந்தபோது, 4 லிட்டர் இன்ஜின் கொண்ட உயர்விலை மாடல்களில்தான் வந்தது. ஆகவே எளிய 2.7 லிட்டர் கேமன் என்பது இனிப் புதிதாகக் கிடைக்காத பொருள். எனக்கு அதன் அருமையே இதில்தான் இருக்கிறது.

பெரியவரின் அனுமதியோடு ஒரு விடியற்காலையில் காலாப்பட்டைக் கடந்து மரக்காணம் உப்பளங்கள் வரை ஈ.சி.ஆரில் ஓட்டிப் பார்த்தேன். இன்ஜின் இருக்கைகளுக்குப் பின்னால், பின் சக்கரங்களின் அச்சுக்கு முன்னால் அமர்ந்திருப்பதால், வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் முன்பக்கம் தயங்காமல் திரும்புகிறது. எடை நடுவில் இருப்பதை இடுப்பிலேயே உணர முடிகிறது. இரண்டாம் கியரில் இன்ஜின் சுற்றுகளைக் காட்டும் முள் 5,000-ஐத் தாண்டும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து எழும் அந்த உலோகக் குரலைக் கேட்க, சட்டம் அனுமதிக்கும் வேகத்தை மீற வேண்டியதில்லை. நம் ஊர்ச் சாலைக்கு ஏற்ற ஸ்போர்ட்ஸ் கார் எது என்று கேட்டால், 500 குதிரைத்திறன் கார்களை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன். வேகத்தடைகளில் மட்டும் நத்தைபோல் ஏறி இறங்க வேண்டும்.

இனி அந்த 11,400-க்கு வருகிறேன். பொதுவாகச் சொன்னால், ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரின் எண்ணை மாற்றிவிட முடியும். ஆனால் போர்ஷேயின் இன்ஜின் கணினி, இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும் தனியாகப் பதிந்து வைக்கிறது. உடன் வந்த மெக்கானிக் தம் கருவியைப் பொருத்திப் பார்த்தபோது 340 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகக் காட்டியது. வகுத்துப் பார்த்தால் மணிக்குச் சராசரியாக 33 கிலோமீட்டர். மிஷன் வீதி நெரிசலிலும் ஈ.சி.ஆரிலும் கலந்து ஓடிய காருக்கு இது பொருந்தும் கணக்கு. உண்மையில் 40,000 ஓடிய காரைக் குறைத்துக் காட்டியிருந்தால், சராசரி 10-க்கும் கீழே போய் உண்மையைச் சொல்லியிருக்கும். ஓட்டுநர் இருக்கையின் வெளிப்புற மேடு, ஏறி இறங்கும்போது காற்சட்டை உரசித் தேயும் அந்த இடம், மடிப்புகூட விழாமல் இருந்ததும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போனது.

நின்றே இருக்கும் காருக்கும் வயது கூடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்தக் காரின் டயர் பக்கவாட்டில் ‘2314’ என்று இருந்தது. அதாவது 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரான, காருடனேயே வந்த டயர்கள். பள்ளங்களின் ஆழம் புதிதுபோல் இருக்க, அடியில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன. அவற்றை மாற்றாமல் மழையில் இந்தக் காரை எடுக்கக் கூடாது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது என்பதால், ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சர்வீஸ் புத்தகத்தில் அது தவறாமல் பதிவாகியிருந்ததைக் கண்டபோதுதான் எனக்கு இந்தக் கார் மீது முழு நம்பிக்கை வந்தது.

கடற்கரை ஊர் என்பதால் வேறு இரண்டு சோதனைகளும் தேவை. ஒன்று உப்புக்காற்று: காரைத் தூக்கி நிறுத்திப் பார்த்தபோது சைலன்சர் கிளாம்ப் போல்ட்டுகளில் மேலோட்டமான துரு இருந்தது, உடல் தகட்டில் எங்கும் இல்லை. மற்றொன்று வெள்ளம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் தண்ணீரில் நின்ற கார்கள் ஏராளம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, அதன் அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்றும், முன்னும் பின்னுமாக உள்ள இரண்டு டிக்கிகளின் கம்பளத்தைத் தூக்கியும் பார்த்தோம். சுத்தமாக இருந்தது. “தம்பி, மழைன்னா மேல் தெருவில தெரிஞ்சவங்க ஷெட்ல கொண்டுபோய் விட்டுடுவேன்” என்றார் பெரியவர்.

பின் டிக்கியில் சிறிய மூடியொன்றைத் திறந்தால் இன்ஜின் ஆயில் ஊற்றும் வாயும், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் ஊற்றும் வாயும் தெரியும். உரிமையாளர் கண்ணில் படும் இன்ஜின் பகுதி அவ்வளவுதான். அந்த இரண்டு மூடிகளின் ஓரத்தில்கூடத் தூசி படியாமல் துடைத்து வைத்திருந்தார். ஒரு காரை இப்படி வைத்திருப்பவரிடம் பேரம் பேச மனம் கூசினாலும், டயர்களின் விலையைக் கழித்துக்கொள்ள அவரே முன்வந்தார். விலை முடிந்தால், நான்கு டயர்களையும் ஒருசேர மாற்றிவிட்டு, வாரம் ஒருமுறையாவது இன்ஜின் முழுச் சூடாகும் அளவுக்கு ஓட்டப்போகிறேன். கிலோமீட்டர் ஏறினால் மறுவிற்பனை விலை குறையும் என்கிறார்கள், குறையட்டும்.