முயலுக்கு ஆபரேஷன் முடிந்ததா? தையலை விடுங்கள், புழுக்கையைப் பாருங்கள்

எங்கள் முயல் மல்லிக்குக் கருப்பையை எடுத்தாகிவிட்டது. பெண் முயல்களுக்கு வயது ஏற ஏற கருப்பையில் புற்றுநோய் வருவது ரொம்பச் சகஜம், அது போக இவளுக்கு அடிக்கடி பொய்ச்சினை வந்து நெஞ்சு முடியைப் பிய்த்துக் கூடு கட்டுவதும் கிட்டே போனால் கடிப்பதுமாக இருந்தாள்.

முயல் பார்த்துப் பழகிய மருத்துவர் கிடைப்பதுதான் கஷ்டம். நாங்கள் முதலில் போன இடத்தில் முந்தின இரவே சாப்பாட்டை நிறுத்தச் சொன்னார்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, நாய் பூனைக்குப் போடுகிற பட்டினி அதற்குத் தேவையே இல்லை, வயிறு காலியாகக் கிடந்தால்தான் ஆபத்து. வேறு இடம் தேடினோம். அங்கே அவள் வழக்கமாகத் தின்கிற கொத்தமல்லியைக் கையோடு கொண்டுவரச் சொன்னார்கள், அப்போதே பாதி நிம்மதி.

வீட்டுக்கு வந்ததும் காது சில்லென்றிருந்தது. மயக்க மருந்தில் உடம்புச் சூடு இறங்கிவிடும் என்பதால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தேன். மரத்தூள் தையலில் ஒட்டும், அதனால் பழைய பருத்தித் துண்டு விரிப்பு.

அன்று இரவு மூலையில் கூனிக்கொண்டு பல்லை நறநறவென்று கடித்தாள். தடவிக்கொடுக்கும்போது மெல்லப் பல்லை உரசினால் சந்தோஷம், இப்படிச் சத்தமாகக் கடித்தால் வலி. வலித்தால் சாப்பிடாது, சாப்பிடாவிட்டால் குடல் ஓட்டம் நிற்கும், வாயு சேர்ந்து வலி இன்னும் கூடும். முயலின் உயிரையே பறித்துவிடக்கூடிய சுழல் இது, அதனால் வலி குறைக்க மருத்துவர் கொடுத்த மெலாக்சிகம் சொட்டு மருந்தை "நல்லாத்தானே இருக்கு" என்று நடுவில் நிறுத்தாதீர்கள். வீட்டில் மிச்சம் இருக்கிற அமாக்சிசிலின் என்கிற கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுக்கலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. வேண்டவே வேண்டாம், வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் இருக்கிற நல்ல கிருமிகளை அழித்து உயிருக்கே உலை வைத்துவிடும்.

கீரையை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். பெல்லட்டை (முயலுக்கான குச்சித் தீவனம்) வெந்நீரில் ஊறவைத்து, கூழாக்கி ஆறவிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சில் முன்பல்லுக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். மல்லாக்கப் போட்டுக் கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும், துண்டில் சுற்றி நேராக உட்காரவைத்துத்தான் கொடுக்க வேண்டும். பாதி என் சட்டையில்.

விடிகிற நேரத்தில் புழுக்கை போட்டிருந்தாள், மிளகு அளவில், காய்ந்துபோய். யாருடைய புழுக்கையையும் பார்த்து நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை! அரை நாளாகச் சாப்பிடவும் இல்லை, புழுக்கையும் இல்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டுகிற கூம்பு வேண்டாம் என்றார் மருத்துவர். அது இருந்தால் குனிந்து தன் மென்புழுக்கையைத் தின்ன முடியாது, முயலுக்கு அதுவும் சாப்பாடுதான். பக்கத்து வீட்டு அக்கா மஞ்சள் பூசச் சொன்னார், நக்கிவிடுவாள் என்று சொல்லித் தப்பித்தேன். தினமும் வீக்கமோ கசிவோ இருக்கிறதா என்று பார்த்ததோடு சரி, தையல் தானாக ஆறியது.

இப்போது கட்டு கட்டாகப் புல் தின்கிறாள். சிரிஞ்சைக் கண்டால் மட்டும் பின்னங்காலால் தரையில் டப்பென்று அடித்துவிட்டு ஓடிவிடுகிறாள்.