ஓசோன் வினாவில் முதலில் உயரத்தைக் குறியுங்கள்

உயர்தர இரசாயனவியலில் கைத்தொழிலும் சூழல் மாசடைதலும் கடைசி அலகாக நிற்கிறது. அதனாலேயே மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அதைக் கையில் எடுக்கும்போது பரீட்சை வாசலுக்கு வந்துவிடுகிறது. சேதன இரசாயனமும் சமநிலையும் மாதக்கணக்கில் நேரத்தை எடுத்துக்கொள்ள, ஓசோன், அமில மழை, பூகோள வெப்பமாதல் மூன்றும் ஒரே டியூட்டுக்குள் (வகுப்பில் தரும் பாடக் குறிப்பு) அடைபட்டு ஓரிரவில் பாடமாக்கப்படுகின்றன. நான் கல்முனையில் உயர்தரம் படித்துவிட்டு இப்போது வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படிக்கிறேன். விடுமுறையில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது அவர்களுடைய விடைகளில் ஒரே சிக்கல் திரும்பத் திரும்ப வருகிறது. குளோரோபுளோரோகாபன், கழியூதாக் கதிர், நைதரசன் ஒட்சைட்டு, புகார் (புகைமூட்டம்) என்று தேவையான சொல் எல்லாம் விடையில் இருக்கும். எது எங்கே நடக்கிறது என்பது மட்டும் இருக்காது.

எங்கள் இரசாயனவியல் சேர் இந்த அலகில் யாரையாவது எழுப்பிக் கேட்டால் முதலில் ஒன்றைத்தான் கேட்பார்: "உயரத்தைச் சொல்லுங்க மகன், பிறகு சமன்பாட்டைச் சொல்லுங்க." நான் இந்தப் பாடத்தை விளங்கிப் படித்தது அந்த ஒரு கேள்வியால்தான். ஒரு வெள்ளைத் தாளில் கீழிருந்து மேலாக ஒரு கோடு போடுங்கள். அடியில் மாறன் மண்டலம், அதற்கு மேலே படை மண்டலம். வளிமண்டல ஓசோனில் ஏறத்தாழ 90 வீதம் படை மண்டலத்தில் இருக்கிறது, அதிலும் பெரும்பகுதி 15 முதல் 35 கிலோமீற்றர் வரையான உயரத்தில். மிகுதி கீழே, நாம் மூச்சுவிடும் காற்றோடு. மேலே இருப்பது நம்மைக் காக்கிறது, கீழே இருப்பது நுரையீரலைப் புண்ணாக்குகிறது. மூலக்கூறு ஒன்றேதான். டியூட்டில் வரும் ஒவ்வொரு பதார்த்தத்தையும் இந்தக் கோட்டில் அதன் இடத்தில் எழுதிவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்குப் போகவேண்டும்.

மேலே நடப்பதை முதலில் பார்ப்போம். ஓசோன் உண்டாகி அழியும், 1930இல் சிட்னி சப்மன் விளக்கிய வட்டம் இது. 242 நனோமீற்றருக்குக் குறைந்த அலைநீளமுள்ள கழியூதாக் கதிர் ஒட்சிசன் மூலக்கூறை இரண்டு அணுக்களாகப் பிரிக்கிறது. அந்த அணு இன்னொரு ஒட்சிசன் மூலக்கூறோடு சேர்ந்தால் ஓசோன். ஓசோன் அதனிலும் நீண்ட அலைநீளக் கதிரை உறிஞ்சி மீண்டும் மூலக்கூறும் அணுவுமாகப் பிரிகிறது. இப்படி உண்டாவதும் அழிவதும் சமப்படும்போது ஓசோனின் அளவு நிலைத்து நிற்கிறது. பிள்ளைகள் பெரும்பாலும் கவனிக்காமல் போகும் ஒரு விஷயம் உண்டு: ஓசோன் பிரியும் அந்தத் தாக்கமே பூமியைக் காக்கும் தாக்கம். 280 முதல் 315 நனோமீற்றர் வரையான பீ வகைக் கழியூதாவின் பெரும்பகுதி அங்கேதான் உறிஞ்சப்படுகிறது. ஆகவே "ஓசோன் அழிவது தீமை" என்று பொதுவாக எழுதினால் அது பிழையான இரசாயனம். இயற்கையான வட்டத்துக்கு மேலதிகமாக, தான் தீராமலே தாக்கத்தை விரைவாக்கும் ஊக்கியால் நடக்கும் அழிவுதான் தீமை. தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் 0 பாகை செல்சியசிலும் ஒரு வளிமண்டல அமுக்கத்திலும் திரட்டினால் அதன் தடிப்பு சுமார் 3 மில்லிமீற்றர்தான். நாங்கள் நம்பியிருப்பது இவ்வளவு மெல்லிய ஒன்றையா என்று படிக்கும்போதே எனக்குப் பயம் வந்தது.

இனி குளோரோபுளோரோகாபன், அதாவது குளோரீன், புளோரீன், காபன் சேர்ந்த சேர்வை. "இது ஏன் படை மண்டலம் வரை போகிறது?" என்ற வினாவுக்கு "பாரம் குறைந்த வாயு" என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. அது வளியை விடப் பலமடங்கு பாரமான மூலக்கூறு. மேலே போவதற்குக் காரணம் கீழே அதை அழிக்க எதுவும் இல்லாததுதான். நீரில் கரையாது, மழையில் கழுவப்படாது, மாறன் மண்டலத்திலுள்ள ஐதரொட்சில் மூலிகத்தோடு (பலவற்றை எளிதில் தாக்கும் OH துணிக்கை) தாக்கம் புரியாது. பல ஆண்டுகள் வளியோட்டத்தில் கலந்து கலந்து மேலே போய்ச் சேர்கிறது. அங்கே ஏறத்தாழ 220 நனோமீற்றருக்குக் குறைந்த கதிர் அதற்குக் காத்திருக்கிறது. அந்தக் கதிர் தரைக்கு வராது. காபன்–குளோரீன் பிணைப்பு காபன்–புளோரீன் பிணைப்பிலும் வலிமை குறைந்ததால் முதலில் உடைவது குளோரீன் பக்கம். வெளிவந்த குளோரீன் அணு ஓசோனிடமிருந்து ஓர் ஒட்சிசன் அணுவைப் பறித்துக் குளோரீன் ஓரொட்சைட்டு ஆகிறது. அந்த ஓரொட்சைட்டு ஒரு தனி ஒட்சிசன் அணுவைச் சந்தித்ததும் ஒட்சிசன் மூலக்கூறைக் கொடுத்துவிட்டுக் குளோரீன் அணுவாகவே மீள்கிறது. இந்த மீளலை எழுதாவிட்டால் "ஊக்கி" என்ற சொல்லுக்கு உங்கள் விடையில் ஆதாரம் இல்லை. ஒரு குளோரீன் அணு வேறொரு சேர்வையாகி ஒதுங்குமுன் ஒரு இலட்சம் வரையான ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கக்கூடும்.

கடற்கரைப் பிள்ளைகள் இங்கே ஒரு நல்ல சந்தேகம் கேட்பார்கள்: கடலிலிருந்து எழும் உப்பிலும் குளோரீன் இருக்கிறதே, அது ஓசோனைத் தின்னாதா? வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை வீட்டுத் தகரத்தைத் துருப்பிடிக்க வைப்பது அந்த உப்புக் காற்றுத்தானே. ஆனால் கடலுப்பும் ஐதரசன் குளோரைட்டும் நீரில் கரைபவை, மேலே ஏறுமுன்னரே மழையோடு இறங்கிவிடும். கரையாமை எவ்வளவு பெரிய ஆபத்து என்பது இந்த ஒப்பீட்டில் தெரியும். விடையில் இதையும் ஒரு வரி சேர்த்தால் நீங்கள் விளங்கித்தான் எழுதுகிறீர்கள் என்று திருத்துபவருக்குப் புரியும்.

அந்தாட்டிக்காவில் ஓசோன் துவாரம் (ஓசோன் மிகவும் மெலிந்துபோகும் பகுதி) ஏன் என்பதைச் சுருக்கமாக வைத்துக்கொண்டால் போதும். குளிர்காலத்தில் அங்கே படை மண்டலத்தில் உண்டாகும் பனிமுகில்களின் மேற்பரப்பில், ஒதுங்கியிருந்த குளோரீன் சேர்வைகள் குளோரீன் வாயுவாக மாறுகின்றன. வசந்தத்தில் முதல் வெயில் படும்போது அவை அணுக்களாக உடைகின்றன. அதனால்தான் துவாரம் செப்டெம்பர், ஒக்ரோபரில் பெரிதாகிறது.

கீழ் ஓசோனுக்கு நிறைய நேரம் கொடுங்கள். பிள்ளைகள் இதில்தான் தடுமாறுகிறார்கள், இரசாயனம் அழகாக இருப்பதும் இங்கேதான். மாறன் மண்டலத்துக்கு 242 நனோமீற்றர்க் கதிர் வராது. அப்படியென்றால் ஓசோன் உண்டாகத் தேவையான தனி ஒட்சிசன் அணு எங்கிருந்து வருகிறது? நைதரசன் ஈரொட்சைட்டிலிருந்து. அது சாதாரண வெயிலிலேயே, ஏறத்தாழ 420 நனோமீற்றருக்குக் குறைந்த ஒளியில், நைதரசன் ஓரொட்சைட்டும் ஒட்சிசன் அணுவுமாகப் பிரியும். அணு ஒட்சிசன் மூலக்கூறோடு சேர்ந்து ஓசோனாகும். ஆனால் பக்கத்திலேயே நிற்கும் ஓரொட்சைட்டு அந்த ஓசோனைத் தாக்கி மீண்டும் ஈரொட்சைட்டாகிவிடும். கூட்டிக் கழித்தால் மிச்சம் எதுவும் இல்லை. பிறகு ஏன் ஓசோன் சேர்கிறது? ஆவிப்பறப்புள்ள ஐதரோகாபன்களால். அவை ஐதரொட்சில் மூலிகத்தால் ஒட்சியேற்றப்படும்போது பெரொட்சி மூலிகங்கள் உண்டாகி, ஓசோனைச் செலவழிக்காமலே ஓரொட்சைட்டை ஈரொட்சைட்டாக்கிவிடுகின்றன. ஓசோனைத் தின்ன வேண்டிய ஓரொட்சைட்டை வேறொருவர் பிடித்துக்கொண்டதால் ஓசோன் தப்பித் தேங்குகிறது. நைதரசன் ஒட்சைட்டு, ஐதரோகாபன், வெயில், 15 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பநிலை என்று ஒளியிரசாயனப் புகாருக்குப் பாடமாக்கும் அந்த நிபந்தனைகளில் ஐதரோகாபனுக்கு ஏன் இடம் என்பதற்கு விடை இதுதான். கூடவே அல்டிகைட்டுகளும் கண்ணை எரிக்கும் பெரொட்சிஅசற்றைல் நைத்திரேற்றும் உண்டாகின்றன.

இதை மனதில் நிறுத்த எனக்கு உதவியது ஒரு வரைபு. கிடை அச்சில் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை நேரம், நிலைக்குத்து அச்சில் செறிவு. காலை வாகன நெரிசலோடு நைதரசன் ஓரொட்சைட்டும் ஐதரோகாபனும் உச்சத்துக்குப் போகும். ஓரொட்சைட்டு இறங்க இறங்க ஈரொட்சைட்டு ஏறும். அதுவும் இறங்கத் தொடங்கும்போது ஓசோன் ஏறி, நண்பகல் தாண்டி உச்சம் தொடும். வெயில் சாய்ந்ததும் ஓசோன் விழும். புத்தகத்தை மூடிவைத்து இதை வரையுங்கள். ஒவ்வொரு வளைகோடு திரும்பும் இடத்திலும் அதற்குப் பொறுப்பான தாக்கத்தை எழுதுங்கள். நெரிசல் மிகுந்த வீதியோரத்தை விட, நகரத்துக்கு வெளியே காற்று வீசும் திசையிலுள்ள கிராமத்தில் ஓசோன் கூடுதலாக இருக்கலாம் என்று வினா வந்தால் பயப்படத் தேவையில்லை. வீதியில் புதிதாக வரும் ஓரொட்சைட்டு ஓசோனைத் தின்றுவிடும். கிராமத்தில் தின்ன ஆள் குறைவு.

நம்முடைய மாவட்டங்களை உதாரணமாக எழுதும்போது நிதானம் வேண்டும். சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல்களில் அறுவடைக்குப் பிறகு வைக்கோல் எரிக்கப்படும்போது காபனோரொட்சைட்டும் ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் காற்றில் சேர்கின்றன. கல்முனைப் பிரதான வீதியில் வாகனப் புகைக்குக் குறைவில்லை. வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் மூலப்பொருள் இருப்பது வேறு, புகார் தேங்குவது வேறு. லொஸ் ஏஞ்சல்சில் மலைகள் சூழ்ந்திருப்பதோடு, மேலே வெப்பமான வளி மூடிபோல நிற்கும் வெப்பநிலை நேர்மாறலும் ஏற்படுவதால் மாசு கலைவதில்லை. நம்முடையது திறந்த சமவெளி, கடற்காற்று வீசும் கரை. இந்த வேறுபாட்டை எழுதுவது நல்ல விடை. உயிரியல் பிரிவுப் பிள்ளைகள் இன்னொன்றையும் சேர்க்கலாம்: ஓசோன் இலைவாய் வழியே உள்ளே போய் ஒளித்தொகுப்பைக் குறைக்கிறது, நெல்லும் கோதுமையும் அதற்குத் தப்பவில்லை. நெல்லை நம்பி வாழும் அம்பாறைக்கு இது புத்தகத்துச் செய்தி மட்டுமல்ல.

சட்டங்கள், உடன்படிக்கைகள் பக்கத்தில் ஆண்டுகளைக் குவித்துப் பாடமாக்க வேண்டாம், காரணத்தோடு கோத்துக்கொள்ளுங்கள். 1974இல் இரசாயனவியலாளர்கள் மொலினாவும் றோலண்டும் குளோரீன் ஆபத்தை எச்சரித்தார்கள். 1985இல் ஓசோன் படையைக் காப்பதற்கான வியன்னா சமவாயம் வந்தது, அதே ஆண்டில் அந்தாட்டிக்க ஓசோன் இழப்பு அளவீட்டோடு வெளியானது. 1987 செப்டெம்பர் 16இல் ஓசோனை அழிக்கும் பதார்த்தங்களைக் கட்டுப்படுத்தும் மொன்றியல் நெறிமுறை. ஓசோன் தினம் அந்தத் திகதியில் வருவது இதனால்தான். இலங்கை 1989இல் இணைந்தது. வளர்முக நாடுகளிலும் 2010 தொடக்கத்தோடு குளோரோபுளோரோகாபன் உற்பத்தியும் நுகர்வும் நிறுத்தப்பட வேண்டியதாயிற்று. 2016இல் அந்த நெறிமுறைக்குக் கிகாலித் திருத்தம். தரைமட்டக் காற்றுக்கு இந்த உடன்படிக்கைகள் பொருந்தாது. இங்கே 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வரும் வளித்தர நியமங்களும் வருடாந்த வாகனப் புகைப் பரிசோதனையும் உண்டு. வீட்டில் மோட்டார் சைக்கிள் இருந்தால் அந்தப் பரிசோதனை அறிக்கையை எடுத்துப் பாருங்கள்: காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் அளக்கப்பட்டிருக்கும். ஐதரோகாபனை ஏன் அளக்கிறார்கள் என்பதை மேலே சொன்ன தாக்கங்களை வைத்து நீங்களே வீட்டாருக்குச் சொல்லலாம்.

குளிரூட்டும் வாயுவின் பெயர் எழுதியிருக்கும் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறச் சிட்டையும் நல்ல பாடம். ஆர் 12 என்றால் குளோரோபுளோரோகாபன். பழைய வளிச்சீராக்கிகளில் காணும் ஆர் 22இல் குளோரீனோடு ஒரு ஐதரசனும் உண்டு. அந்தக் காபன்–ஐதரசன் பிணைப்பை ஐதரொட்சில் மூலிகம் கீழேயே தாக்குவதால் மேலே போய்ச் சேர்வது குறைவு. ஓசோன் சேதம் குறைவு, இல்லை என்று அல்ல. ஆர் 134ஏயில் குளோரீனே இல்லை, ஓசோனுக்குத் தீங்கில்லை, ஆனால் காபனீரொட்சைட்டை விட ஆயிரம் மடங்குக்கு மேல் வலிமையான பச்சைவீட்டு வாயு. கிகாலி கட்டுப்படுத்துவது இதைப் போன்றவற்றை. ஆர் 600ஏ வெறும் ஐசோபியூற்றேன், இரண்டு குற்றமும் மிகக் குறைவு, தீப்பற்றும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. மீனவருக்கு ஐஸ் கொடுக்கும் பெரிய ஐஸ் தொழிற்சாலைகளில் அமோனியா பயன்படுவது வழமை.

பல்தேர்வு வினாத்தாளின் கடைசிப் பத்து வினாக்களில் முதற்கூற்று, இரண்டாம் கூற்று என்று இரண்டு வரி தந்து, இரண்டும் உண்மையா, இரண்டாவது முதலாவதை விளக்குகிறதா என்று கேட்பார்கள். ஓசோன் பாடம் அதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். "குளோரோபுளோரோகாபன்கள் ஓசோன் படையை நலிவடையச் செய்கின்றன" என்பது உண்மை. "குளோரோபுளோரோகாபன்கள் பச்சைவீட்டு வாயுக்கள்" என்பதும் உண்மை. ஆனால் முதலாவது படை மண்டலத்தில் கழியூதா பிணைப்பை உடைப்பதால் நடப்பது. இரண்டாவது பூமி திருப்பி வீசும் வெப்பக் கதிர்ப்பை முழு மூலக்கூறு உறிஞ்சுவதால் நடப்பது. ஒன்று மற்றொன்றை விளக்காது. இரண்டு கூற்றையும் உயரக் கோட்டில் வைத்துப் பார்த்த பிறகே விடையைத் தெரிவுசெய்யுங்கள்.