மலையில்லாத ஊரில் புவியியல் படிக்கப் போகிறவர்களுக்கு

அக்காவின் மகள், எனக்குப் பெறாமகள், சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யும் தாளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். தமிழும் அரசியல் விஞ்ஞானமும் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தன. மூன்றாவது கட்டத்தில் புவியியல் என்று பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதியிருந்தாள். “சின்னம்மா, யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு மலையையே கிட்ட நின்று பார்க்காத நான் மலையைப் பற்றி எப்படி விடை எழுதுவது?” என்று கேட்டாள். இந்தப் பாடத்தைச் சில ஆண்டுகள் கற்பித்தவள் என்பதால், அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பெயர் மயக்கத்தைத் தீர்த்துவிட வேண்டும். வெளிநாட்டுப் பாடசாலைகளில் ‘புவி விஞ்ஞானம்’ என்று ஒரு தனிப்பாடம் இருக்கிறது. நம் இலங்கைப் பாடத்திட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. அதன் உள்ளடக்கத்தில் ஒரு பங்கு விஞ்ஞானப் புத்தகத்திலும், பெரும்பங்கு புவியியலின் பௌதிகப் பகுதியிலும் கிடக்கிறது. பாறை, மண், நீர், காற்று, கடல், நிலநடுக்கம், படவாசிப்பு ஆகிய எல்லாம் அங்கேதான் வருகின்றன. மானிடப் புவியியல் அதன் மறுபாதி. அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. பாறைகளையே தொழிலாகக் கொள்ள நினைக்கும் பிள்ளை ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும்: பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உள்ள புவிச்சரிதவியல் துறைக்கு விஞ்ஞானப் பிரிவுப் பாடங்கள் வழியாகத்தான் போகலாம், கலைப்பிரிவில் புவியியல் எடுத்துப் போக முடியாது. இதைத் தாமதமாக அறிந்து வருந்திய பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

பாடம் பெரும்பாலும் பாறையில்தான் தொடங்கும். உருகிய குழம்பு இறுகிய தீப்பாறை, படிவுகள் இறுகிய அடையற்பாறை, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறிப்போன உருமாறிய பாறை என்ற மூன்றையும் முதற்கிழமையே எழுதிக் கொடுத்துவிடுவார்கள், பிள்ளைகளும் பாடமாக்கிவிடுவார்கள். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் கேம்பிரியன் காலத்துக்கு முந்திய, மிகப் பழைய, உருமாறிய பாறைகளால் ஆனது என்று புத்தகம் சொல்லும். அந்த வரியைப் படிக்கும்போது யாழ்ப்பாணத்துப் பிள்ளை நிமிர்ந்து உட்கார வேண்டும், ஏனென்றால் நாம் எஞ்சிய பத்தில் ஒரு பங்கைச் சேர்ந்தவர்கள். நம் காலடியில் இருப்பது மயோசீன் காலச் சுண்ணக்கல். ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த அந்தக் காலத்தில், ஆழமற்ற வெதுவெதுப்பான கடலின் அடியில் சிப்பியும் முருகையும் படிந்து இறுகி உண்டான கல் இது. கிணறு வெட்டிய இடத்தில் கொட்டிக் கிடக்கும் கற்களில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தால் சிப்பியின் வரி தெரியும். அதே கல்லை நம்பித்தான் 1950ஆம் ஆண்டில் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தது.

வீட்டிலேயே சோதிக்கலாம். மோஸ் என்பவர் 1812இல் வகுத்த, 1 முதல் 10 வரையான வன்மை அளவுத்திட்டத்தில் சுண்ணக்கல்லின் கனிமமாகிய கல்சைற்று 3ஆம் படியில் நிற்கிறது, படிகக்கல் 7ஆம் படியில் நிற்கிறது. ஓர் இரும்பாணியால் நம்முடைய வெள்ளைக் கல்லைக் கீறினால் கோடு விழும். அம்மியைக் கீறினால் ஆணிதான் தேயும். அம்மியும் ஆட்டுக்கல்லும் குடாநாட்டுக்கு வெளியே இருந்து வந்த, படிகக்கல் கலந்த கருங்கல்லில் செய்யப்பட்டவை. ஊர்க் கல்லில் அம்மி கொத்தியிருந்தால் சம்பலோடு அம்மியும் வயிற்றுக்குள் போயிருக்கும்.

இரண்டாவது சோதனைக்குக் கேத்தல் போதும். நம் வீட்டுக் கேத்தல்களின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிந்து கிடக்கும் பொருக்கை எல்லோரும் சுரண்டியிருப்போம். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகி, சுண்ணக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் கிணற்றுக்குக் கொண்டு வருகிறது. நாம் அதைக் கொதிக்க வைக்கும்போது வாயு வெளியேறிவிட, கரைந்திருந்த கல் மறுபடி கல்லாகி அடியில் படிகிறது. அந்தப் பொருக்கில் தேசிக்காய்ப் புளியை விட்டால் நுரைக்கும். பாறை சிதைவதைச் சொல்லும் வானிலையாலழிதல் என்ற அத்தியாயத்தில் ‘காபனேற்றம்’ என்று வரும் நாலு வரி அந்தக் கேத்தலுக்குள் முழுதாக நடந்து முடிகிறது. குடாநாட்டின் வலிகாமப் பகுதிச் செம்மண்ணின் கதையிலும் இதற்குப் பங்கு உண்டு. சுண்ணக்கல் கரைந்து போன பின் கரையாமல் எஞ்சிய களியும் இரும்பு ஒட்சைட்டும்தான் அந்தச் சிவப்பு.

பாடத்திட்டத்தில் தரைக்கீழ் நீருக்குக் கொடுத்திருக்கும் இடம் மிகச் சிறியது. என் கையில் இருந்தால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதற்கு ஒரு தவணை முழுவதையும் ஒதுக்கியிருப்பேன். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடல்நீரேரியில் சேரும் வழுக்கையாற்றைத்தான் நாம் ஆறு என்று காட்ட முடியும். குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் உள்ள நீரெல்லாம் நிலத்துக்குள் இருக்கும் நீர், அந்த நீர் இருக்கும் விதமே வியப்பானது. மழையில் இறங்கிய நன்னீர், சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் ஏற்கெனவே புகுந்திருக்கும் கடல்நீரின் மேல், வில்லை வடிவில் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீரின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 1.000 கிராம், கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025 கிராம். இந்தச் சிறு வேறுபாட்டைக் கொண்டு, கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்று கைபன், ஏர்ஸ்பேக் ஆகிய இருவரும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே கணக்கிட்டுச் சொன்னார்கள். கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: இயந்திரம் வைத்து இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி தாழ்த்தினால், கீழே உவர்நீர் 40 அடி மேலே வரத் தொடங்கும். குகையும் வெடிப்பும் உள்ள நம் கல்லில் இது அச்சொட்டாக நடக்காது, நன்னீருக்கும் உவர்நீருக்கும் இடையில் கலப்பு வலயம் ஒன்று இருக்கும். ஆனால் போக்கு அதுதான். துலாவால் இறைத்த காலத்தில் இனித்த கிணறு பிறகு ஏன் கரித்தது என்று பாட்டிமார் கேட்கும் கேள்விக்கு இதைவிட நேரான விடை இல்லை.

புத்தூர் நிலாவரைக் கிணற்றை எல்லோரும் அறிவோம். இராமர் அம்பு எய்து உண்டாக்கியது, அடியே இல்லாதது என்பது ஊர்க்கதை. சுண்ணக்கல் கரைந்து குழிந்து கூரை இடிந்த ஒரு பள்ளம் என்பது புவியியல் சொல்லும் கதை. மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர் என்று அந்தக் கிணறு நான் மேலே எழுதிய வில்லையைக் குத்தாக வெட்டிக் காட்டுகிறது. கீரிமலையில் கடலுக்கு அருகிலேயே நன்னீர் ஊறுவதும் இதே சுண்ணக்கல்லின் வேலைதான். இப்படிச் சுண்ணக்கல் கரைந்து உண்டாகும் நிலவுருவங்களுக்குக் கார்ஸ்ற் என்று பெயர். பரீட்சையில் ‘கார்ஸ்ற் நிலவுருவங்களுக்கு உதாரணம் தருக’ என்று வந்தால் யூகோசிலாவியா வரை போகும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அந்த நாடும் இப்போது இல்லை.

இனிப் பெறாமகள் கேட்ட மலைக்கு வருகிறேன். உயர்தரத்தில், நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் இடவிளக்கப்படத் துண்டு ஒன்றைக் கொடுத்து அதை வாசிக்கச் சொல்வார்கள். அளவுத்திட்டம் 1:50,000, அதாவது படத்தில் 2 சென்ரிமீற்றர் நிலத்தில் ஒரு கிலோமீற்றர். கண்டிப் பக்கத்துப் பிள்ளைக்கு, ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக்கோடு என்பது சன்னலுக்கு வெளியே தெரிவது. நமக்கோ குடாநாட்டுப் படம் முழுவதும் தட்டையாக இருக்கும். நான் செய்யும் முறை இது. ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சாய்வாகவும் உள்ள ஒரு பெரிய உருளைக்கிழங்கை நீளவாக்கில் பாதியாக வெட்டி, தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி பலகையில் வைக்க வேண்டும். பிறகு அதை ஒரு சென்ரிமீற்றர் தடிப்புள்ள கிடைத்துண்டுகளாக அரிந்து, அடித்துண்டில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தாளில் வைத்து விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாகக் கோடுகள் விழும். கிழங்கு செங்குத்தாக இருந்த பக்கத்தில் கோடுகள் நெருங்கியும், சாய்வாக இருந்த பக்கத்தில் விலகியும் நிற்கும். பெறாமகள் அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஏறுவதென்றால் விலகிய பக்கத்தால்தான் ஏற வேண்டும் என்றாள். அன்று மதியம் மலை கறியாகிவிட்டது. வளைந்து போகும் ஆற்றின் நீளத்தை அளக்க ஒரு நூல் துண்டு போதும்: ஆற்றின் மேல் நூலை வைத்து, பிறகு நேராக்கி அடிமட்டத்தில் அளக்கலாம். படவாசிப்பில் புள்ளி இழப்பவர்கள் பெரும்பாலும் அறியாமையால் இழப்பதில்லை, அலகு எழுத மறந்து இழக்கிறார்கள்.

காலநிலைப் பகுதி நமக்கு எளிது, ஏனென்றால் சொற்கள் ஏற்கெனவே வீட்டில் இருக்கின்றன. சோளகம் என்று நாம் சொல்வது தென்மேல் பருவக்காற்று, வாடை என்பது வடகீழ்ப் பருவக்காற்று. சோளகம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு நமக்குப் புழுதியை மட்டும் தருகிறது, நம் மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை வருகிறது. காற்று நிலவுருவத்தையும் ஆக்கும் என்பதற்கு வடமராட்சியில் மணற்காட்டு மணற்குன்றுகளையும், அங்கே மணலுக்குள் அரைவாசி புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் கோவிலையும் ஒருமுறை போய்ப் பார்த்து வரலாம்.

புவியின் மேலோடு பிரிந்து நகரும் பெரிய துண்டுகளாகிய தகட்டோடுகள் பற்றிய அத்தியாயம் எல்லோருக்கும் பிடிக்கும். கண்டங்கள் நகர்கின்றன என்று வேகனர் 1912இல் சொன்னபோது, எது அவற்றை நகர்த்துகிறது என்று அவரால் ஏற்கத்தக்க விளக்கம் கொடுக்க முடியவில்லை. கடற்படுக்கை விரிவடைவது 1960களில் தெளிவான பின்தான் அவருடைய கருத்துக்கு வலு வந்தது. இதை வகுப்பில் சொல்லும்போது நான் 2004 மார்கழி 26க்கு வருவேன். சுமாத்திராவுக்கு அப்பால் ஒரு தகட்டோடு மற்றொன்றின் கீழ் அமிழும் எல்லையில் 9.1 அளவில் நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.58க்கு. ஆழ்கடலில் சுனாமியின் வேகத்தைக் கணக்கிட ஆழத்தை ஈர்ப்பு ஆர்முடுகலால் (ஏறத்தாழ 9.8) பெருக்கி வர்க்கமூலம் காண வேண்டும். ஆழம் 4,000 மீற்றர் என்றால் செக்கனுக்கு 198 மீற்றர், மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல். ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் அது நம் கிழக்குக் கரைக்கு வந்தது. வடமராட்சி கிழக்கையும் விடவில்லை. இப்போது படிக்கும் பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள், அவர்களுக்கு இது கணக்கு. வகுப்பில் நிற்கும் எனக்கு அந்த இரண்டு மணித்தியாலம் ஒருநாளும் வெறும் கணக்காக இருந்ததில்லை.

ஒரு நடைமுறை எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கும் தமிழ்க் காணொளிகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து வருபவை; விளக்கம் நன்றாகவே இருக்கும், கலைச்சொல் வேறு. நாம் அடையற்பாறை என்பதை அவர்கள் படிவுப்பாறை என்பார்கள். நமது புவிச்சரிதவியல் அவர்களுக்கு நிலவியல். விஞ்ஞானம் அங்கே அறிவியல். பார்த்து விளங்கிக்கொள்ளுங்கள், விடைத்தாளில் நம் பாடநூலின் சொல்லையே எழுதுங்கள். படம் வரையும் கேள்வியில் அழகு தேவையில்லை. பெயரிடுதல்தான் தேவை, அதற்கு நல்ல பென்சிலும் ஓர் அழிறப்பரும் போதும். இருபது பக்கக் குறிப்பை மனனம் செய்து வருகிறவர்களை விட, வெட்டுமுகம் ஒன்றைப் பார்க்காமல் வரையக் கூடியவர்கள் எப்போதும் முன்னுக்கு நின்றார்கள் என்பது என் அனுபவம்.

பெறாமகள் புவியியலைப் பேனையால் எழுதிக் கொடுத்துவிட்டாள். நான் கொடுத்த முதல் வேலை அவர்கள் வீட்டுக் கிணற்றில். ஒரு கயிற்று நுனியில் கல்லைக் கட்டி, ஒவ்வொரு மாத முதல் நாளிலும் தண்ணீரைத் தொடும் வரை இறக்கி, கட்டு விளிம்பில் பிடித்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட வேண்டும். ஆடி முடிச்சை விட ஆவணி முடிச்சு ஒரு சாண் தள்ளி விழுந்தது, புரட்டாதி முடிச்சு அதற்கும் அப்பால். கயிறு போதாமல் போய்விடுமோ என்று நேற்றுத் தொலைபேசியில் கேட்டாள். ஐப்பசி மழை விழட்டும், பொறுத்திரு என்றேன்.